போலீஸ் எடுத்துச் சென்ற வண்டி, போன், முடக்கிய வங்கிக் கணக்கு: சட்டப்படி நம் உரிமை என்ன?

டீக்கடையின் கியூஆர் கோடுக்கு யாரோ ஒருவர் 200 ரூபாய் அனுப்புகிறார். சில வாரங்களில் கடைக்காரரின் வங்கிக் கணக்கு மொத்தமாக முடங்குகிறது. வங்கியில் விசாரித்தால், வேறொரு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ் எழுதியதால் நிறுத்தினோம் என்கிறார்கள். கடைக்காரர் மேல் வழக்கு எதுவும் இல்லை. எங்கோ ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணத்தில் அந்த 200 ரூபாயும் அடக்கம் என்பதுதான் காரணம்.

விபத்து வழக்கில் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கும் பைக், "விசாரணை முடியட்டும்" என்று வாங்கி வைத்த செல்போன், திருடனிடமிருந்து மீட்கப்பட்டும் உரிமையாளர் கைக்கு வராத நகை எல்லாம் இதே வகைதான். சொந்தப் பொருளை எடுத்துப்போக போலீஸுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அரசமைப்புச் சட்டம் அதற்கு என்ன வரம்பு வைத்திருக்கிறது, திரும்பப் பெற வழி என்ன என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் நான்கு சொற்கள்

செய்திகளில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வந்தாலும், சட்டத்தில் நான்கும் வேறு வேறு நடவடிக்கைகள்.

1. கைப்பற்றுதல்: வழக்கின் சாட்சியமாகப் பொருளைத் தற்காலிகமாகக் காவலில் எடுப்பது. உரிமை மாறுவதில்லை. பைக் ஸ்டேஷனில் நின்றாலும் உங்கள் பைக்தான்.

2. முடக்கம்: கையில் தூக்கிச் செல்ல முடியாத வங்கிப் பணத்தைக் கைப்பற்றும் விதம். வங்கிக் கணக்கும் ‘சொத்து’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று 1999-இல் தபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் உயர் நீதிமன்றங்களே இதில் இரு பக்கமாக நின்றன.

3. ஜப்தி: சொத்து உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. நீதிமன்றமோ, அமலாக்கத் துறை போலத் தனிச் சட்டம் அதிகாரம் கொடுத்த அமைப்போ செய்வது.

4. பறிமுதல்: உரிமையே அரசுக்குப் போய்விடுவது. நீதிமன்ற உத்தரவோ, மதுவிலக்கு, வனம் போன்ற தனிச் சட்டங்களில் பெயர் குறிப்பிட்ட அதிகாரியின் உத்தரவோ வேண்டும்.

ஸ்டேஷன் போலீஸ் பொதுச் சட்டத்தின் கீழ் தானாகச் செய்யக்கூடியது முதல் இரண்டு மட்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டைப் பற்றியது.

சொத்துரிமை அடிப்படை உரிமையா?

ஒரு காலத்தில் ஆம். 1950-இல் அரசமைப்புச் சட்டம் வந்தபோது கூறு 19(1)(எஃப்), கூறு 31 இரண்டும் சொத்துரிமையை அடிப்படை உரிமையாக வைத்திருந்தன. நிலச் சீர்திருத்தம், ஜமீன் ஒழிப்பு போன்றவற்றில் அரசும் நீதிமன்றமும் கால் நூற்றாண்டுக்கு மேல் மோதிக்கொண்ட பிறகு, 1978-இன் 44-ஆவது திருத்தம் இரண்டையும் நீக்கியது. 1979 ஜூன் 20 முதல் அந்த இடத்தில் இருப்பது கூறு 300-ஏ. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பதுதான் அதன் மொத்த உள்ளடக்கம். ஒற்றை வாக்கியம்.

அதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. சொத்து போனது என்பதற்காக மட்டும், அடிப்படை உரிமைகளுக்கான கூறு 32-ஐப் பிடித்து நேரே உச்ச நீதிமன்றம் போக முடியாது. கூறு 226-இன் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம்.

2. ‘சட்டம்’ என்றால் நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டம். மேலதிகாரியின் சுற்றறிக்கையோ வாய்மொழி உத்தரவோ போதாது. எந்தப் பிரிவின் கீழ் எடுத்தீர்கள் என்ற கேள்விக்கு போலீஸ் பதில் வைத்திருக்க வேண்டும்.

3. குடிமக்கள் என்றில்லாமல் எல்லா நபர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நிறுவனத்துக்கும் வெளிநாட்டவருக்கும்கூடப் பொருந்தும்.

இதோடு கதை முடியவில்லை. பொருளோடு வேறொரு அடிப்படை உரிமை ஒட்டிக்கொண்டு வரலாம். கடையின் நடப்புக் கணக்கை முடக்கினால் தொழில் செய்யும் உரிமை, அதாவது கூறு 19(1)(ஜி) அடிபடுகிறது. செல்போனை எடுத்தால், 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கூறு 21-இன் பகுதி என்று உறுதி செய்த அந்தரங்க உரிமை வருகிறது. கடவுச்சொல்லைச் சொல் என்று அதட்டினால், தனக்கெதிராகத் தானே சாட்சியாகும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற கூறு 20(3) வருகிறது. வெற்று 300-ஏ மனுவைவிட இப்படிப்பட்ட மனுக்களே நீதிமன்றத்தில் எடுபடுகின்றன.

போலீஸின் அதிகாரம்: பிரிவு 106

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் உள்ளது. பழைய பிரிவு 102 இதில் பிரிவு 106 ஆகியிருக்கிறது. இரண்டு சூழ்நிலைகளில் எந்தப் போலீஸ் அதிகாரியும் பொருளைக் கைப்பற்றலாம்: திருட்டுப் பொருள் என்று புகாரோ சந்தேகமோ இருந்தால், அல்லது குற்றம் நடந்திருக்கிறது என்று சந்தேகிக்க வைக்கும் சூழ்நிலையில் பொருள் கிடைத்தால். நீதிபதியின் வாரண்ட் முன்கூட்டியே தேவையில்லை.

‘சந்தேகம்’ என்பது தாராளமான சொல்தான். ஆனாலும் அதிகாரத்துக்கு எல்லை இருக்கிறது. பொருளுக்கும் குற்றத்துக்கும் தொடர்பு காட்ட வேண்டும். பொருளின் சொந்தக்காரர் மேல் சந்தேகம் என்பதற்காக அவர் வீட்டில் உள்ளதையெல்லாம் அள்ள முடியாது. அடுத்தது, வீடும் நிலமும் இந்தப் பிரிவில் அடங்காது. 2019 செப்டம்பரில் நெவாடா பிராப்பர்ட்டீஸ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. வீட்டை சீல் வைக்கும் அதிகாரத்தை ஸ்டேஷனுக்குக் கொடுத்தால் வாடகைத் தகராறு, பங்காளிச் சண்டை எல்லாம் போலீஸ் கையில் போய் முடியும் என்ற கவலையும் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஊரில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவலையின் நியாயம் புரியும்.

போக்குவரத்துச் சோதனையில் வண்டியை நிறுத்தி வைப்பது இதில் சேராது. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 207. உரிமம், பதிவு, பர்மிட் இல்லாமல் ஓட்டுவது போன்றவற்றுக்கானது. தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தைப் பறக்கும் படை எடுப்பது தேர்தல் ஆணைய நடைமுறை. பில், வங்கிச் சீட்டு காட்டி மாவட்ட அளவிலான குறைதீர் குழுவிடம் திரும்பப் பெறலாம்.

எடுக்கும் நேரத்தில் நடக்க வேண்டியவை

1. மகஜர். எங்கே, எப்போது, யாரிடமிருந்து, என்ன பொருள் எடுக்கப்பட்டது என்ற எழுத்துப் பதிவு. வீடு, கடை போன்ற இடத்தைச் சோதனையிட்டால் அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சுதந்திரமான சாட்சிகள் வேண்டும் (பிரிவு 103). தமிழ்நாட்டில் பல வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும்தான் அந்தச் சாட்சிகள். வீட்டுக்காரர் உடனிருக்கலாம், பட்டியலின் நகல் அவருக்குத் தர வேண்டும்.

2. வீடியோ. பி.என்.எஸ்.எஸ். கொண்டுவந்த புதிய விதி, பிரிவு 105. சோதனையும் கைப்பற்றுதலும், பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட, ஒலி–ஒளிப் பதிவாக வேண்டும். செல்போனில் எடுத்தாலே போதும். பதிவைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும்.

3. சோதனைக்கான காரணம். வாரண்ட் இல்லாமல் வீட்டில் நுழைந்து தேடினால், ஏன் அவசரம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும் (பிரிவு 185). வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் இலவசமாக நகல் கிடைக்கும்.

4. மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். பிரிவு 106(3)-இன்படி கைப்பற்றியதை ‘உடனடியாக’த் தெரிவிக்க வேண்டும். பொருளின் மேல் போலீஸுக்கு இருந்த பிடி நீதிமன்றத்தின் பிடியாக மாறுவது இங்கேதான். இதற்குப் பிறகு ஸ்டேஷன் வெறும் காவலாளி.

மகஜரில் ‘கருப்பு நிற செல்போன் ஒன்று’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால், பிற்பாடு எந்தப் போன் என்று நிரூபிப்பது பெரும்பாடு. ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), சிம் எண், திரையில் கீறல் உண்டா, அணைத்த நிலையில் எடுத்தார்களா, உறையில் இட்டு சீல் வைத்தார்களா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வண்டியென்றால் என்ஜின் எண், சேஸிஸ் எண், ஸ்டெப்னி, பேட்டரி. ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கும் வண்டிகளில் முதலில் காணாமல் போவது பேட்டரிதான்.

விதி மீறப்பட்டால் என்ன ஆகும்?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. நடைமுறையை மீறி எடுத்தால் கைப்பற்றியதே செல்லாது, சாட்சியமும் செல்லாது என்று நினைக்கிறார்கள். அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் அப்படிப் போகும். இந்திய நீதிமன்றங்கள் போகவில்லை.

1973-இல் பூரன்மல் வழக்கில், சட்டவிரோதமான சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒரு சாட்சியத்தை ஒதுக்க முடியாது, வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே போக்கில் 2024 மே மாதம் வந்தது ஷெண்டோ வர்கீஸ் வழக்குத் தீர்ப்பு. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. வங்கிக் கணக்குகளை முடக்கிய போலீஸ் மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமாகத்தான் தெரிவித்தது. அதைக் காரணம் காட்டி சென்னை உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உடனே தெரிவிப்பது கடமைதான். தாமதத்துக்கு அதிகாரி விளக்கம் சொல்ல வேண்டும், துறை நடவடிக்கையும் வரலாம். ஆனால் தாமதம் ஒன்றால் மட்டும் முடக்கம் செல்லாமல் போகாது என்றது தீர்ப்பு.

விசாரணை அதிகாரியின் கவனக்குறைவால் மோசடிக்காரருக்குப் பணம் திரும்பிவிடக் கூடாது என்பதில் நியாயம் உண்டு. மறுபக்கத்தில், விதியை மீறினாலும் பொருள் போலீஸிடமே இருக்கும் என்றால் விதியைக் கடைப்பிடிக்க அவசரம் என்ன இருக்கிறது? கூறு 300-ஏ சட்டத்தின் வழிமுறையையே உரிமையாகத் தருகிறது. வழிமுறை தவறினால் தானாக எதுவும் நடக்காது என்கின்றன தீர்ப்புகள். ஆகவே பொருளை இழந்தவர் ‘தப்பாக எடுத்தார்கள்’ என்ற வாதத்தை மட்டும் நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. ‘இனி வைத்திருக்கத் தேவையில்லை, திருப்பித் தாருங்கள்’ என்ற மனுதான் வேலை செய்யும். இரண்டும் வெவ்வேறு மனுக்கள். இரண்டாவதில் போலீஸின் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய சுமை இல்லை.

வங்கிக் கணக்கு முடக்கம்

ஆன்லைன் மோசடிக்கு ஆளானவர் 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் கிரைம் தளத்திலோ புகார் செய்கிறார். அவருடைய பணம் முதல் கணக்கிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து பத்து இருபது கணக்குகளுக்கும் சிதறிப் போயிருக்கும். அந்தத் தடத்தில் வரும் கணக்குகள் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. வேகம் இல்லாவிட்டால் பணம் மாயமாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. சிக்கல், 200 ரூபாய் வந்த கணக்கில் இருக்கும் இரண்டு லட்சத்தையும் சேர்த்து நிறுத்துவதில்தான் வருகிறது.

2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படியொரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்றுகூடச் சொல்லாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது தொழில், வாழ்வாதார உரிமைகளை மீறுவது என்று சொல்லி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி மீதியைப் புழங்க அனுமதித்தது.

இன்னொரு கேள்வியும் நீதிமன்றங்களில் ஓடுகிறது. குற்றத்தின் மூலம் வந்த வருமானத்தை ஜப்தி செய்ய பி.என்.எஸ்.எஸ். பிரிவு 107 என்ற தனி வழியைப் புதிதாகத் தந்திருக்கிறது. அதில் எஸ்.பி. அல்லது கமிஷனரின் ஒப்புதலோடு போலீஸ் நீதிமன்றத்தை அணுக வேண்டும்; உரியவருக்கு 14 நாள் நோட்டீஸ் உண்டு. அப்படியிருக்க, 106-ஐக் காட்டி நேரே வங்கிக்கு எழுதலாமா? குற்ற வருமானம் என்று சொல்லி நிறுத்துவதானால் 107 வழியாகவே வர வேண்டும் என்று 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் உட்படச் சில நீதிமன்றங்கள் கூறியுள்ளன.

முடக்கப்பட்டவர் செய்ய வேண்டிய வரிசை இது:

1. வங்கியிடம் எழுத்தில் கேட்டு நான்கு விவரம் வாங்குங்கள்: எந்த ஸ்டேஷன், புகார் ஒப்புகை எண், எந்தச் சட்டப் பிரிவு, எவ்வளவு தொகை.

2. அந்தப் பணம் எதற்காக வந்தது என்பதற்கு பில், வாட்ஸ்அப் ஆர்டர், பட்டியல் என்று கையில் உள்ளதை இணைத்து விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கோடிக்கணக்கான ரூபாய் வழக்கைப் பார்க்கும் அதிகாரிக்கு உங்கள் 200 ரூபாயைப் பிடித்து வைப்பதில் அக்கறை இருக்காது. பல முடக்கங்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

3. பதில் இல்லையென்றால் அந்த ஸ்டேஷனின் எல்லைக்குரிய மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 503-இன் கீழ் மனு. அது வேறு மாநிலத்தில் என்றால், கணக்குள்ள கிளை இங்கே இருப்பதைக் காட்டி சென்னை உயர் நீதிமன்றத்தை கூறு 226-இன் கீழ் அணுக இடமுண்டு.

செல்போன்: பொருளா, மனிதரின் நீட்சியா?

பைக்கைப் போலவே போனையும் பிரிவு 106 ‘சொத்து’ என்றுதான் பார்க்கிறது. ஆனால் பைக்கில் மருத்துவ அறிக்கையும், குடும்பப் படங்களும், வக்கீலோடு நடந்த உரையாடலும் இருப்பதில்லை. சட்டம் இந்த வித்தியாசத்தை இன்னும் முழுதாக எட்டிப்பிடிக்கவில்லை. பத்திரிகையாளர்களின் கருவிகளை எடுப்பது பற்றிய வழக்கில், இதற்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் வலியுறுத்தியது. இடைக்காலத்தில் சிபிஐயின் 2020 கையேட்டைப் பின்பற்றுவதாக அரசு ஒப்புக்கொண்டது.

கடவுச்சொல் விஷயத்தில் 1961-இன் காதி காலு ஓகத் தீர்ப்புதான் இன்னும் அளவுகோல். கைரேகை, கையெழுத்து மாதிரி கொடுப்பது தனக்கெதிரான சாட்சியம் ஆகாது. மனத்தில் உள்ள தகவலைச் சொல்ல வைப்பது ஆகும். இந்த அளவுகோலில் விரலை வைத்துத் திறப்பது ஒரு பக்கமும், எண்ணைச் சொல்வது மறுபக்கமும் விழுகின்றன. ஒரே பூட்டு, இரண்டு சாவி, இரண்டு விதமான பாதுகாப்பு! 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் நீதிமன்ற உத்தரவு, வாரண்ட் வழியாகக் கடவுச்சொல் கேட்கலாம் என்றது. டெல்லியில் ஒரு சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

போனிலிருந்து எடுத்த தரவை நீதிமன்றத்தில் வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63 சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண் அது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஆனால் ஸ்டேஷனில் வாங்கிய நேரத்துக்கும் தடயவியல் ஆய்வகத்தில் ஹாஷ் எடுக்கும் நேரத்துக்கும் இடையே போன் சீல் இல்லாமல் இருந்தால், அந்த எண் ஆய்வகத்துக்கு வந்தபோது இருந்த நிலையை மட்டுமே காட்டும். மகஜரில் சீல் பற்றிய வரி முக்கியமாவது இதனால்தான்.

தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று. அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்.ஐ.ஆர். கசிந்தது பற்றிய விசாரணையில், சிறப்புப் புலனாய்வுக் குழு பத்திரிகையாளர்களின் போன்களை வாங்கி வைத்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைத் திருப்பித் தர உத்தரவிட்டது. போலீஸின் இணையதளத்திலேயே இருந்த ஆவணத்தை இறக்கிப் பார்த்தவர்களிடம் போனைப் பிடுங்குவதில் விசாரணைக்கு என்ன லாபம் என்பது யாருக்கும் தோன்றும் கேள்வி.

திரும்பப் பெறுவது எப்படி?

அடிப்படைத் தீர்ப்பு 2002-இன் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு. அந்த வழக்கின் பின்னணியே சுவாரசியமானது: குஜராத்தில் கைப்பற்றி வைத்திருந்த பொருள்களை மாற்றிப் போலிகளை வைத்தார்கள், பணத்தைக் கையாடினார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களே போலீஸ்காரர்கள். வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் நிறுத்தி வைப்பதில் எந்தப் பயனும் இல்லை; படம் எடுத்து, விவரம் எழுதி, பாண்டு (பிணைப் பத்திரம்) வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்க வேண்டும்; எந்தப் பொருளும் 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் இருக்கக் கூடாது என்றது தீர்ப்பு. நகைக்கும் ரொக்கத்துக்கும் இதே முறைதான்.

இருபது ஆண்டு கழித்தும் ஸ்டேஷன் வாசல்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்லத் தேவையில்லை. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 497 அந்தத் தீர்ப்பைச் சட்டமாகவே எழுதிவிட்டது: பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளில் விவர அறிக்கை, புகைப்படம், அதிலிருந்து 30 நாளில் ஒப்படைப்பதா, அழிப்பதா என்ற உத்தரவு. பொருளுக்குப் பதில் அந்தப் படமே விசாரணையில் சாட்சியமாகும். காலக்கெடு தவறினால் என்ன என்று பிரிவு சொல்லவில்லை. ஆகவே மனு போட வேண்டிய வேலை உரிமையாளருடையதாகவே தொடர்கிறது.

விபத்து வண்டிக்கு இன்னும் எளிய வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 136-இன்படி, ஆய்வுக்காக எடுத்துச் சென்ற வண்டியை, நடைமுறைகள் முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ஊர்வழக்கில் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ எனப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டாரா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மணல், மதுவிலக்கு, கஞ்சா வழக்குகளில் வண்டி சிக்கினால் பாதை கடினம். பறிமுதல் நடவடிக்கை தனியாக ஓடும். ஆனால் போதைப்பொருள் வழக்கில்கூட வண்டியை இடைக்காலமாக விடுவிக்க முழுத் தடை இல்லை என்று 2025 ஜனவரியில் பிஸ்வஜித் டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வண்டியை வாடகைக்கு விட்டு, சரக்கு பற்றி எதுவும் தெரியாத உரிமையாளர்களுக்கு அந்தத் தீர்ப்பு உதவும்.

மனுவோடு ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், அடையாள அட்டை, எஃப்.ஐ.ஆர். நகல், மகஜர் நகல் வேண்டும். நீதிமன்றம் பாண்டும் சில சமயம் ஜாமீன்தாரரும் கேட்கும். விற்கக் கூடாது, நிறமோ உருவமோ மாற்றக் கூடாது, கூப்பிடும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள். இந்தப் பாண்டு வழக்கு முடியும் வரை உயிரோடு இருக்கும். மறந்துபோய் வண்டியை விற்றுவிட்டு, சாட்சி விசாரணையின்போது முழிப்பவர்கள் உண்டு. வழக்கு முடிந்ததும் பொருளை என்ன செய்வது என்று பி.என்.எஸ்.எஸ். பிரிவு 498-இன் கீழ் தீர்ப்பிலேயே ஒரு பத்தி வரும். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதில் உங்கள் பொருள் விடுபட்டிருந்தால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்த கையோடு அதே நீதிமன்றத்தில் ஒரு மனு கொடுத்து, பாண்டை ரத்து செய்யும் உத்தரவையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.